விசிலுக்குப் பிறகு வருகிறவர்

3 டிசம்பர் 2007, திங்கள்.
ஒரு தவறு செய்திருக்கிறேன். ஐம்பத்தெட்டாம் எண்காரரைச் செப்டம்பரிலிருந்தே தப்பாக எண்ணி வந்திருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. சிறிய தவறு. (சிறியதுதானா என்று இன்னும் தெரியவில்லை.)

அடைப்புக்குறிக்குள் எழுதியதை அடித்துவிடலாமா என்று புஷ்பலதா யோசித்தாள். அடிக்கவில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் நடக்கும் மாலை வகுப்பு அது. காஸ்ட் அக்கவுண்டன்சி. பாடம் எடுப்பவர் மழையில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டு விளக்குகள் ரோட்டுத் தண்ணீரில் நீளநீளமாக விழுந்து ஆடின. பின் பெஞ்சில் யாரோ பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அவளுக்கு எதிலும் மனசு போகவில்லை. மத்தியானம் கேட்ட விசில் இன்னும் காதுக்குள்ளேயே இருந்தது.

பகலில் அவளுக்குக் குரோம்பேட்டையில் வேலை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு செருப்புக்கடைக்கு மேலே நீளமான அறை, ஆறு கம்ப்யூட்டர், மழை வந்தால் ஒழுகுகிற ஒரு மூலை, அந்த மூலைக்கென்று ஒரு பச்சை பக்கெட். அங்கே உட்கார்ந்து ஆறு பேரும் அமெரிக்காவில் டுலூத் என்கிற ஊரின் கால்பந்து அணியைப் பார்த்தார்கள். பெயர்தான் கால்பந்து, ஆட்டமெல்லாம் கையில்தான். முட்டை மாதிரி இருக்கும் பந்தை ஒருவன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவான். எதிரணிக்காரர்கள் அவனைப் பிடித்துத் தள்ளுவார்கள். அவன் மேல் இன்னும் நாலைந்து பேர் விழுவார்கள். அத்தோடு அந்த ஓட்டம் சரி. எழுந்து, தட்டிவிட்டுக்கொண்டு, மறுபடி வரிசை கட்டி நிற்பார்கள். மறுபடி ஓட்டம். டுலூத் அணிக்கு நாரைகள் என்று பெயர். வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறத் தலைக்கவசம்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆடிய ஆட்டம் திங்கட்கிழமை காலை இங்கே துண்டு துண்டாக வந்து சேரும். ஒரு ஓட்டத்துக்கு ஒரு துண்டு. எங்கோ உயரத்திலிருந்து எடுத்த படம், பச்சை விரிப்பில் எறும்புகள் ஊர்வதுபோல இருக்கும். யார் ஜெயிக்கிறார்கள் என்பது அதில் தெரியாது, இவர்களுக்கு அது தேவையுமில்லை. நாரைகளின் பயிற்சியாளருக்கு ஒரே ஒரு கணக்குத்தான் வேண்டும்: எதிரணி ஆள் விழுந்த இடத்துக்கு நம் ஆட்களில் யார் யார் ஓடி வந்து சேர்ந்தார்கள்? பந்து எங்கோ மறுகோடியில் இருந்தாலும் சும்மா நிற்காமல் ஓடி வருகிறவன்தான் அவருக்குப் பிடித்தவன். செவ்வாய்க்கிழமை மாலை குரோம்பேட்டையிலிருந்து போகும் கணக்கு, அங்கே விடிந்ததும் ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையின் சுவரில் ஒட்டப்படும். தொடர்ந்து கடைசியில் இருக்கிறவன் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

புஷ்பலதாவுக்கு நான்கு எண்கள் கொடுத்திருந்தார்கள்: 33, 52, 58, 90. மற்ற மூவரும் எல்லோரையும்போல. வந்தால் பாய்ந்து வருவார்கள், இல்லாவிட்டால் வரமாட்டார்கள். ஐம்பத்தெட்டு அப்படியில்லை. பெரிய உடம்பு. ஒவ்வொரு துண்டிலும் எல்லோரும் விழுந்து குவிந்த பிறகு, படத்தின் ஓரத்திலிருந்து தண்ணீருக்குள் நடப்பவர்போல அவர் வருவார். குனிவார். கையை நீட்டி ஒருவனைத் தூக்கிவிடுவார். அப்புறம் அடுத்தவனை. சில சமயம் எதிரணி ஆளையும். அதற்குள் துண்டு முடிந்துவிடும். வந்து சேர்ந்தார் என்று அவள் ஒவ்வொரு தடவையும் ஒன்று போட்டாள். அவர் வராத துண்டு அபூர்வம்.

அக்டோபர் கடைசியில் டீம் லீடர் உமேஷ் ஒரு நாள் கையில் சமோசாக் கவரோடு வந்து நின்றார்.

"புஷ்பா, உன் ஆளு தப்பிச்சிட்டாரு. மெயில் வந்திருக்கு. வயசாயிடுச்சு, அனுப்பிடலாம்னு இருந்தாங்களாம். நம்ம கணக்குல அவர்தான் முதல்ல வர்றாரு, அதனால வெச்சுக்கிட்டாங்க. இப்ப ஆரம்பத்துலேர்ந்தே இறக்கறாங்களாம்."

பக்கத்து சீட்டு லோகு நாற்காலியைத் திருப்பினான். கோவளம் பக்கத்தில் ஒரு குப்பத்துப் பையன், பி.காம். படித்தவன். ஒரு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாலும் காலையில் முதல் ஆளாக வருவான்.

"பாத்தியா, செருப்புக்கட மாடில குந்திகினு ஒருத்தருக்கு வேல வாங்கிக் குடுத்துட்ட. எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு."

"உனக்குத்தான் வேலை இருக்கே."

"இதுவா? பையன் இன்னா பண்றான்னு பொண்ணு வூட்ல கேட்டாங்களாம். வெள்ளக்காரன் வுழுறத எண்ணிகினு கீறான்னு எங்கம்மா சொல்லிச்சாம். அத்தோட போனவங்கதான்."

அறையே சிரித்தது. புஷ்பலதாவும் சிரித்தாள். ஆனால் அன்று ரயிலில் போகும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். தான் போட்ட ஒன்றுகள் கடலைத் தாண்டிப் போய் ஒரு மனிதரை ஓர் இடத்தில் நிறுத்தி வைத்திருக்கின்றன. எதையும் இரண்டு தடவை சரிபார்த்த பிறகும் மூன்றாவது தடவை பார்க்கிற அவளுக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஏதோ ஒன்று சரியாக நடந்துவிட்டதுபோல இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் கனவில் வர ஆரம்பித்தார். பொழிச்சலூரில் அவர்கள் வீட்டுக் கூரைக்கு மேலேதான் விமானங்கள் இறங்கும். விடிகாலை விமானத்தின் இரைச்சல் தூக்கத்துக்குள் நுழையும்போது கனவில் ஒரு மைதானம் விரியும். விமான நிலையம் அளவுக்குப் பெரிய மைதானம். ஆட்கள் குவியல் குவியலாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மேலேயிருந்து பஞ்சுபோல ஏதோ விழும், குளிராது. அவர் குவியல் குவியலாகப் போய் ஒவ்வொருவரையும் கை கொடுத்து எழுப்பிக்கொண்டே வருவார். அவளும் எங்கோ ஒரு குவியலில் படுத்திருப்பாள். தன் முறை வருவதற்குள் விமானம் இறங்கிவிடும், அலமாரிப் பாத்திரங்கள் அதிரும், கண் விழித்துவிடும்.

இன்று மத்தியானம் நடந்தது இதுதான். ஏ.சி. காற்று நேராக அவள் சீட்டில்தான் அடிக்கும். காது விறைத்தது. உமேஷ் காலையில் அவளுடைய மெஷினில் உட்கார்ந்து டுலூத்தோடு பேசிவிட்டு, தன் ஹெட்போனை அப்படியே செருகி வைத்துவிட்டுப் போயிருந்தார். பெரிய பஞ்சு வைத்தது. காதுக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று எடுத்து மாட்டிக்கொண்டு அடுத்த துண்டை ஓடவிட்டாள்.

காதுக்குள் கடல் வந்தது.

அவள் பயந்து சுற்றிலும் பார்த்தாள். எதிர் சீட்டு ஜெயஸ்ரீ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். லோகு கொட்டாவி விட்டான். பக்கெட்டில் மழைத்தண்ணீர் சொட்டியது. அறையில் எதுவும் மாறவில்லை. அந்த இரைச்சல் படத்திலிருந்துதான் வந்தது. ஆயிரமாயிரம் பேர் ஒரே மூச்சில் கத்தினார்கள், உடம்பும் உடம்பும் முட்டும் சத்தம் மூட்டை இறக்குவதுபோலக் கேட்டது. இந்தப் படங்களுக்குச் சத்தமே கிடையாது என்று ஆறு பேரும் மூன்று மாதமாக நம்பியிருந்தார்கள். கம்ப்யூட்டர்களுக்கு ஸ்பீக்கர் வாங்காததுதான் விஷயம் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு விசில் ஊதியது. கூட்டத்தின் இரைச்சல் அலை திரும்புவதுபோல வடிந்தது. அந்த அமைதியில் ஐம்பத்தெட்டு வந்தார்.

அடுத்த துண்டு. ஓட்டம், முட்டல், விசில். அப்புறம் அவர். அதற்கடுத்த துண்டிலும் அப்படியே. விசில் ஊதியதும் ஓட்டம் முடிந்தது என்று விதி. விசிலுக்கு முன்னால் வந்து சேர்ந்தவர்களை மட்டும் எண்ணவேண்டும் என்று முதல் நாளே உமேஷ் சொல்லியிருந்தார். துண்டு முடிகிற இடம்தான் விசில் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். மற்றவர்களின் ஆட்கள் விசிலுக்குப் பிறகு யாருக்காகவும் வருவதில்லை, அதனால் மற்றவர்களின் கணக்கில் பிசகு வரவில்லை. அவர் ஒருவர்தான் பிறகு வருகிறவர்.

அவள் ஹெட்போனைக் கழற்றி லோகுவிடம் கொடுத்தாள். மாட்டிக்கொண்டவன் வாயைப் பிளந்தான்.

"அய்ய, இதுல சத்தம் கீதா? மூணு மாசமா செவிட்டுப் படம் பாத்துகினு இருந்தமா?"

"அவரைப் பாரு லோகு. எப்ப வர்றார்னு பாரு."

அவன் நாலைந்து துண்டுகள் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. ஹெட்போனை மெதுவாக மேஜைமேல் வைத்தான்.

"யாருக்குத் தெரியும்? வுடு."

"எனக்குத் தெரியுமே."

"சொன்னா இன்னா ஆவும் தெரியுமில்ல? மேல கீற ஆளு ஒரே நாள்ல அடில போயிடுவாரு. வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. உனக்கு இன்னா வந்துச்சு?"

அவள் ஹெட்போனை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். வகுப்பு முடிந்து ரயிலில் திரும்பும்போதும் அவன் கேள்வி கூடவே வந்தது. ஜன்னல் கம்பியில் மழைத்துளிகள் வரிசையாக ஓடி ஒன்றோடொன்று சேர்ந்தன. எது முதலில் போய்ச் சேருகிறது என்று தன்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தவள், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை முதல் வேலையாக உமேஷிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"இப்ப போய்ச் சொன்னா மொத்தக் கணக்கையும் சந்தேகப்படுவாங்கம்மா."

"தெரியும் சார்."

"இந்த வாரத்துலேர்ந்து சரியாப் போட்டுடேன். பழசை விட்டுடலாம்."

"அப்படிப் போட்டாலும் அவர் கடைசிக்குப் போயிடுவார் சார். ஏன் திடீர்னு இப்படின்னு அவங்க அவரைத்தான் கேப்பாங்க. அவர் நேத்து வரைக்கும் ஓடிட்டு இந்த வாரம் சும்மா நின்ன மாதிரி ஆயிடும். அவர் எப்பவும்போலத்தான் வந்திருக்கார்."

உமேஷ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உன் எண்கள். நீ எதைப் போடறியோ அதை அனுப்பறேன். ஆறு மணிக்குள்ள குடு," என்று மட்டும் சொன்னார்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஆட்டம் முழுவதையும் முதலிலிருந்து பார்த்தாள். விசிலுக்கு முன்னால் ஐம்பத்தெட்டு வந்து சேர்ந்தது நான்கே நான்கு தடவை. ஒரு தடவை அவள் ஐந்தென்று எண்ணி, திரும்பிப் பார்த்து, நான்கென்று திருத்தினாள். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். லோகு தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு வறுத்த மீனை அவள் மூடியில் வைத்தான்.

"எங்க ஊர்ல கரைவலை இழுப்பாங்க," என்றான். "வலை கரைக்கு வர்றதுக்கு முன்னாடி கயித்துல கை வெச்சவனுக்குத்தான் பங்கு. வந்தப்புறம் ஓடியாந்தா பங்கு கெடையாது, எவ்ளோ கத்தினாலும் கெடையாது. ஆனா கூடமாட நின்னு மீனப் பொறுக்கிப் போட்டான்னு வெச்சுக்க, சும்மா அனுப்ப மாட்டாங்க. கொழம்புக்குன்னு ரெண்டு கை அள்ளிக் குடுப்பாங்க. அத்த பங்குன்னு சொல்ல மாட்டாங்க. அது வேற."

"இங்க அதுக்குக் கட்டம் இல்லையே."

"எக்செல்தானே? கட்டத்துக்கா பஞ்சம்?"

அவள் மீனைச் சாப்பிட்டாள். பிறகு போய் உட்கார்ந்து, ‘வந்து சேர்ந்தவர்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டாள். அதற்கு என்ன தலைப்பு வைப்பது என்பதில்தான் அதிக நேரம் போனது. ‘உதவியவர்’ என்று எழுதி அழித்தாள். ‘தூக்கிவிட்டவர்’ என்று எழுதினாள், மிகையாகப் பட்டது. கடைசியில், ‘விசிலுக்குப் பின் வந்து கை கொடுத்தவர்’ என்று நடந்ததை நடந்தபடியே ஆங்கிலத்தில் எழுதினாள். முதல் கட்டத்தில் நான்கு. இரண்டாவதில் நாற்பத்தேழு. கீழே ஒரு குறிப்பு: முந்தைய ஆட்டங்களில் இரண்டையும் சேர்த்து எண்ணிவிட்டேன், தவறு என்னுடையது, அவருடையதல்ல. அந்தக் கடைசிச் சொல்லை மூன்று தடவை எடுத்துவிட்டு மூன்று தடவை திரும்பச் சேர்த்தாள். ஆறு மணிக்கு உமேஷ் அனுப்பினார்.

புதன்கிழமை காலை பதில் வந்திருந்தது. அவள் பயந்ததுபோல யாரும் திட்டவில்லை. உமேஷ் படித்துச் சொன்னார்.

"திருத்தத்துக்கு நன்றின்னு போட்டிருக்காங்க. ரெண்டாவது கட்டம் அவங்களுக்குத் தேவையில்லையாம். அடுத்த வாரத்துலேர்ந்து வேண்டாம்னு சொல்றாங்க."

"அவரு சார்?"

உமேஷ் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வர்ற ஞாயித்துக்கிழமை இறக்கலையாம். இந்த சீசன் முடியற வரைக்கும் கூட இருப்பாராம், ஓரத்துல. அடுத்த வருஷத்துக்கு வேற ஆள் பாக்கறாங்க."

அவள் தன் சீட்டுக்கு வந்தாள். அந்த வாரம் முழுக்க மழை. பெருங்களத்தூர்ப் பக்கம் ரோடெல்லாம் தண்ணீர் என்று ஜெயஸ்ரீ இரண்டு நாள் வரவில்லை. புஷ்பலதாவுக்கு விடிகாலையில் மைதானம் வந்தது, ஆனால் அதில் ஆட்களே இல்லை. விமானம் இறங்கும் சத்தம் மட்டும் நீண்டுகொண்டே போனது. விழித்த பிறகும் வெகுநேரம் பாயைவிட்டு எழுந்திருக்கத் தோன்றாமல் படுத்திருந்தாள். தவறைத் திருத்தியாகிவிட்டது. அது ஏன் இன்னொரு தவறைச் செய்ததுபோலவே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டாள். எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் கணக்கு சரியாகவே வந்தது.

திங்கட்கிழமை வந்த துண்டுகளில் டுலூத் வெள்ளையாக இருந்தது. பனி விழுந்துகொண்டிருந்தது. பச்சை மைதானம் காணாமல் போய், கோடுகள் இருக்கும் இடத்தை மட்டும் யாரோ துடைப்பத்தால் பெருக்கித் தள்ளினார்கள். வெள்ளைப் பனியில் வெள்ளைச் சட்டைகள். சாம்பல் தலைக்கவசங்கள் மட்டும் காற்றில் மிதந்தன. உமேஷ் இப்போது ஆறு பேருக்கும் ஹெட்போன் வாங்கிக் கொடுத்திருந்தார். ஆனால் பனியில் கூட்டத்தின் இரைச்சல்கூட போர்வைக்குள்ளிருந்து வருவதுபோலத்தான் கேட்டது. கீழே ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தமும் அந்தப் பனிக்குள்ளேயே எங்கோ நடப்பதுபோல இருந்தது.

ஐம்பத்தெட்டு மைதானத்தில் இல்லை. விசில் ஊதிய பிறகு விழுந்தவர்கள் கிடந்தார்கள். பனியில் கையை ஊன்றி, முழங்காலை ஊன்றி, ஒவ்வொருவராகத் தாங்களே எழுந்தார்கள். எழுந்திருக்க இவ்வளவு நேரம் ஆகும் என்பதை அவள் இப்போதுதான் பார்த்தாள். 33 ஒரு தடவை எழுந்து உட்கார்ந்து, யாரோ வருவார்கள் என்பதுபோல ஒரு பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு தானே எழுந்தான்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு துண்டு. பந்தை வைத்திருந்த எதிரணிக்காரன் ஓரக்கோடு வரை ஓடினான். 52 அவனைப் பிடித்துத் தள்ள, இரண்டு பேரும் சறுக்கிக்கொண்டு மைதானத்துக்கு வெளியே போய், ஆட்டத்தில் இறங்காமல் நீளக் குளிர்கோட்டுகள் போட்டு நின்றிருந்த ஆட்களின் காலடியில் விழுந்தார்கள். விசில். குளிர்கோட்டு ஆட்கள் விலகினார்கள். ஒருவர் மட்டும் விலகவில்லை. தண்ணீருக்குள் நடப்பவர்போல இரண்டடி வந்து, குனிந்து, முதலில் எதிரணிக்காரனுக்குக் கை கொடுத்தார். பிறகு 52-க்கு.

அவள் திரும்ப ஓடவிட்டாள். இன்னொரு தடவை. லோகு தன் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தான்.

"அவருதானா?"

"கோட்டு மறைக்குது. நம்பர் தெரியலை."

"நட?"

"நடை அவரோடதுதான்."

"அப்பப் போடேன்."

"ஆட்டத்துல இல்லாதவரை எப்படிப் போடறது? கட்டத்தையும் எடுத்தாச்சு."

லோகு கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். "எங்கியோ கீற ஆளு," என்றான். "அவருக்கு நம்ம யாருன்னே தெரியாது, இல்ல?"

"தெரியாது."

"நல்லதாப் போச்சு. தெரிஞ்சா உன்னயும் தூக்கிவுட வந்துருவாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. ஏ.சி. காற்று என்று துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். அந்தத் துண்டில் 52-க்கு ஒன்று போட்டாள், விசிலுக்கு முன்பே வந்தவன் அவன்தான். மற்றக் கட்டங்களை வெறுமையாக விட்டாள். அடுத்த துண்டுக்குப் போகுமுன் படத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, அந்தக் கை நீண்டிருக்கும் இடத்தில் நிறுத்தினாள். பனி அந்தரத்தில் நின்றது. உமேஷ் தன் மேஜையிலிருந்து எழுந்து வரும் சத்தம் கேட்கும் வரை அது அப்படியே நிற்கட்டும் என்று விட்டிருந்தாள்.

மாலை வகுப்பில் ஆசிரியர் இன்றும் தாமதம். தேதியைப் போட்டாள். மத்தியானம் பார்த்ததை எழுத நினைத்து, அவர்தான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாததை எழுதலாமா என்று தயங்கி, நடந்தபடி எழுதினாள்: ‘ஓரத்தில் நின்ற ஒருவர் இரண்டு பேருக்குக் கை கொடுத்தார். எண் தெரியவில்லை.’ பிறகு ஒரு வரி விட்டு:

நாளை: இரண்டாம் பாதி, முதல் துண்டிலிருந்து. 33, 52, 90, மூன்று எண்கள். ஆறு மணிக்குள் உமேஷ் சாரிடம் கொடுக்கவேண்டும்.